முள்வேலியில் பழுத்த மருந்து

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. நட்டவர் இன்றித் தானே முளைத்து, நீர் வார்ப்பார் இன்றி வளர்ந்து, வேலியோரத்தில் கிடக்கும் ஒரு முட்செடிக்கும் வரலாற்றில் இடம் உண்டென்றால் சிலர் வியக்கக்கூடும். ஐரோப்பிய நாடுகளின் வயல் ஓரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் மலிந்து கிடக்கும் காட்டு ரோஜாவின் கதை அத்தகையது. அதன் இதழ்களிலும் கனிகளிலும் அடங்கியிருக்கும் நலம் தரும் சத்துகளை மனிதர் எவ்வாறு கண்டனர், எவ்வாறு மறந்தனர், எவ்வாறு மீண்டும் கண்டனர் என்பதை ஆராயும்போது, இயற்கையின் கொடையை மனிதர் பெற்றுக்கொள்ளும் முறையைப் பற்றியே நாம் ஒரு பாடம் கற்கிறோம். கொடை எப்போதும் அங்கேயே இருந்தது. அதை அறியும் அறிவும், திரட்டும் கைகளும், அளவறிந்து பேசும் உண்மையும் சேர்ந்தபோதுதான் அது குழந்தைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

நாய் ரோஜா என்னும் பெயர்

நாம் பூக்கடையில் காணும் ரோஜா, அடுக்கடுக்கான இதழ்களை உடையது. மனிதர் பல நூற்றாண்டுகளாக ஒட்டியும் கலந்தும் உருவாக்கியது. காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ்கள். வெளிறிய இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த அம்மலர் கோடையின் தொடக்கத்தில் மலர்ந்து சில நாள்களில் உதிர்ந்துவிடும். இதழ் உதிர்ந்த பின் மலரின் அடிக்கிண்ணம் பருத்து, இலையுதிர் காலத்தில் செக்கச்செவேல் எனப் பழுக்கும். அதுவே ரோஜாக் கனி. நாம் கனி என்று சொல்லும் செந்நிறச் சதை உண்மையில் ஓர் உறையே. அதனுள் இருக்கும் கடினமான விதை போன்ற மணிகளே தாவரவியலார் கணக்கில் கனிகள். அம்மணிகளைச் சுற்றிலும் நுண்ணிய மயிர்கள் நிறைந்திருக்கும். தோலில் பட்டால் அரிப்பும், தொண்டையில் பட்டால் எரிச்சலும் உண்டாக்குபவை அவை. நன்மையும் தொல்லையும் ஒரே கிண்ணத்தில் வைக்கப்பட்டிருப்பதை இங்கே காண்கிறோம்.

இவ்வகையில் மிகப் பரவலான செடிக்கு ரோசா கனைனா என்பது இலத்தீன் பெயர். 'நாய் ரோஜா' என்பது பொருள். இப்பெயரின் பின்னே ஒரு பழங்கதை உண்டு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை எழுத்தாளர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். இஸ்பானிய மண்ணில் பணியாற்றிய போர்வீரன் ஒருவன் வெறிநாயால் கடிபட்டான். தொலைவில் இருந்த அவன் தாய்க்கு, காட்டு ரோஜாவின் வேரை மகனுக்குக் கொடுக்கும்படி கனவில் கட்டளை வந்தது. அவள் எழுதிய மடல், நீரைக் கண்டு அஞ்சும் நிலைக்கு மகன் வந்துவிட்ட வேளையில் சென்று சேர்ந்தது. அவனும் பிழைத்தான் என்கிறார் பிளினி.

தாயின் பாசத்தைச் சொல்லும் கதை என்ற வகையில் இது நெஞ்சைத் தொடுகிறது. ஆயினும் வெறிநாய்க்கடிக்கு ரோஜா வேர் மருந்தன்று. 1885ஆம் ஆண்டு லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தும்வரை, அந்நோய்க்கு வழி பிறக்கவில்லை. செடிக்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொன்ன அந்தப் பழங்கதை, அதன் பெயரில் மட்டும் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு உண்மையாகவே இருந்த ஆற்றலோ, அதே வேலியில் பல நூற்றாண்டுகள் பேசப்படாமல் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

மடங்களின் தோட்டத்தில்

நடுக்கால ஐரோப்பாவில் மூலிகை அறிவைப் பேணிக் காத்த இடங்களுள் துறவு மடங்கள் முதன்மையானவை. புனித ஆசீர்வாதப்பர் தம் சபைக்கு வகுத்த ஒழுங்கில், நோயுற்றோரைப் பேணுவதற்கென்றே 36ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆகவே மடம் இருந்த இடத்தில் நோயாளர் இல்லமும், அதன் அருகே மூலிகைத் தோட்டமும் இருந்தன. சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகத்தில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலில் வரையப்பட்ட மடத்து வரைபடம் ஒன்று இன்றும் உள்ளது. அதில் மருத்துவர் இல்லத்தை ஒட்டிய மூலிகைப் பாத்திகளில் லீலியும் ரோஜாவும் பெயர் குறித்துக் காட்டப்பட்டுள்ளன. பேரரசர் சார்லமேன் தம் அரச பண்ணைகளில் வளர்க்க வேண்டிய செடிகளைப் பட்டியலிட்டபோதும், லீலிக்கும் ரோஜாவுக்கும் பட்டியலின் தலைப்பில் இடம் கொடுத்தார்.

அன்று மருந்தானது பெரும்பாலும் இதழே. தென் ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் காடுகளில் தானே வளரும் ரோசா காலிகா என்னும் சிவப்பு ரோஜாவின் ஒரு வகை, 'மருந்தாளுநர் ரோஜா' என்றே பெயர் பெற்றது. அதன் இதழ்களை உலர்த்தினர். தேனிலோ சர்க்கரையிலோ ஊறவைத்துப் பாகாக்கினர். தொண்டைப் புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுத்தனர். இது வெறும் நம்பிக்கை அன்று. ரோஜா இதழில் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் மிகுதி. பாக்கையும் கடுக்காயையும் மென்றவர்களுக்குத் துவர்ப்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது தசையைச் சுருக்கி, கசிவைக் குறைக்கிறது. இதழின் நிறத்தைத் தருபவை ஆந்தோசயனின் என்னும் சேர்மங்கள். அவற்றோடு குவெர்செட்டின், கேம்ஃபெரால் முதலிய பிளேவனால்களும் உண்டு. மணத்தைத் தருபவை ஜெரானியால், சிட்ரோனெல்லால் முதலிய எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள். மடத்துச் சகோதரர்களுக்கு இப்பெயர்களுள் ஒன்றும் தெரியாது. பயன் கண்டவற்றைக் கையாண்டனர். கண்டதைப் பின்வந்தோர்க்கு எழுதி வைத்தனர்.

செபமாலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'ரொசாரியும்' என்பதற்கு ரோஜாத் தோட்டம் என்பதே பொருள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வது தகும். பக்தியும் மருத்துவமும் ஒரே தோட்டத்தில் பூப்பறித்த காலம் அது.

கடலில் கண்டதும் மறந்ததும்

இதழின் பயன் மடங்களுக்குள் அறியப்பட்டிருந்த அதே காலத்தில், கனியின் பெரும்பயன் தேவைப்பட்ட இடம் வேறொன்று. அதுதான் கடல்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் மாதக்கணக்கில் கரை காணாமல் ஓடத் தொடங்கின. 1541 ஏப்ரலில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட புனித சவேரியார், 1542 மே மாதத்தில்தான் கோவாவை அடைந்தார். இடையில் மொசாம்பிக்கில் தங்கி, கப்பலில் நோயுற்றவர்களுக்குப் பணிவிடை செய்தார். இத்தகைய நெடும்பயணங்களில் மாலுமிகளை வாட்டிய கொடிய நோய் ஸ்கர்வி. ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், பழைய புண்கள் மீண்டும் திறந்துகொள்ளும், கால்கள் கருத்து, மூச்சு வாங்கி, மனிதன் மாய்வான். 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய ஆங்கிலேயத் தளபதி ஆன்சனின் படையில், புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேரில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. பகைவர் கையால் மாண்டவர் மிகச் சிலரே. ஏனையோரைக் கொன்றது பெரும்பாலும் நோயே.

1747 மே மாதத்தில் சாலிஸ்பரி என்ற கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். ஒரே உணவு, ஒரே இடம். மருந்து மட்டும் வேறு வேறு. ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், காடி, கடல்நீர், மசாலாப் பொருள்களை அரைத்த லேகியம் என ஐந்து இணைகளுக்கு ஐந்து மருந்துகள். ஆறாவது இணைக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறே நாள்களில் பழம் தின்ற இருவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பினார்; மற்றவர் ஏனைய நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறினார். லிண்ட் 1753இல் நூல் எழுதினார். ஆனால் ஆங்கிலேயக் கடற்படை தன் கப்பல்களுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க முடிவு செய்தது 1795இல். லிண்ட் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார்.

கண்டதை மறப்பதும் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மத்தியதரைக் கடல் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சிறு எலுமிச்சையின் சாறு கப்பல்களுக்கு வழங்கப்பட்டது. புளிப்புதான் நோயைத் தீர்க்கிறது என்று எண்ணியதால், இரண்டும் ஒன்றே என்று கொண்டனர். சாறு நெடுநாள் சேமிக்கப்பட்டு, காற்றும் செம்பும் பட்டுத் தன் சத்தை இழந்தது. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் என்பவரின் பயணத்தில் ஸ்கர்வி மீண்டும் தலைகாட்டியது. உடனே, பழச்சாற்றால் பயனில்லை என்று சொல்லுவோர் எழுந்தனர். 1918இல்தான் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் அம்மையாரும் உடன் பணியாற்றியோரும், சிறு எலுமிச்சைச் சாற்றின் ஆற்றல் பெரிய எலுமிச்சையின் சாற்றில் கால்பங்கு அளவே என்று சோதித்துக் காட்டினர். எது பயன் தருகிறது என்று தெரியாமல் பயனை மட்டும் கையாள்பவர், பெயர் ஒன்றாயிருப்பதைப் பார்த்துப் பொருளைத் தவறவிடுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பெயர் பெற்ற சத்து

அந்தப் பொருளைத் தேடும் வழி 1907இல் நார்வேயில் திறந்தது. ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்னும் இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டுமே கொடுத்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. பெரும்பாலான விலங்குகள் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதரும் குரங்குகள் பலவும் கினிப்பன்றியும் சில வௌவால்களும் ஆக்க இயலாதவை. உணவில் வந்தால்தான் உண்டு.

1928இல் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, சர்க்கரையை ஒத்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் இயல்பு முழுவதும் விளங்காததால், 'அறியேன்' என்ற பொருள்படும் வேடிக்கைப் பெயரை அதற்குச் சூட்டினார். இதழாசிரியர் ஏற்கவில்லை. அப்படியானால் 'கடவுளுக்கே வெளிச்சம்' என்ற கருத்தில் ஒரு பெயரை அவர் முன்மொழிந்தார். அதையும் ஆசிரியர் ஏற்கவில்லை என்பது அறிவியல் வரலாற்றில் சுவையான செய்தி. 1932இல் அப்பொருளே வைட்டமின் 'சி' என்பது உறுதியாயிற்று. அதன் அமைப்பைக் கண்டறிந்த ஆங்கிலேய வேதியியலார் ஹாவொர்த்தும் சென்ட்-ஜியார்ஜியும் 1937இல் வெவ்வேறு துறைகளில் நோபல் பரிசு பெற்றனர்.

நம் தோல், எலும்பு, ஈறு, இரத்தக்குழாய் ஆகிய அனைத்தையும் கட்டிப் பிடித்திருப்பது கொல்லாஜன் என்னும் புரதம். அப்புரதத்தின் இழைகள் முறுக்கேறி உறுதிபெற வைட்டமின் 'சி' வேண்டும். இல்லையேல் புதிய இழை தளரும், ஈறு கசியும், ஆறிய புண்ணும் பிளக்கும். மாலுமிகளின் உடலில் நேர்ந்தது இதுவே.

பொருளுக்குப் பெயரும் அளக்கும் முறையும் கிடைத்தபின், அறிஞர்கள் ஒவ்வொரு காயையும் கனியையும் சோதிக்கத் தொடங்கினர். அப்போதுதான் 1930களில் அந்த வேலியோரக் கனி தன் செல்வத்தை வெளிக்காட்டியது. 100 கிராம் ஆரஞ்சில் இச்சத்து சுமார் 50 மில்லிகிராம். காட்டு ரோஜாக் கனியிலோ, இனத்துக்கும் நிலத்துக்கும் ஏற்ப, அதே எடையில் சில நூறு மில்லிகிராம் முதல் ஆயிரத்துக்கு மேலும் இருந்தது. ஸ்கர்விக்கு மருந்து தேடி ஏழு கடல்களும் சுற்றியவர்களின் சொந்த ஊர் வேலியிலேயே அம்மருந்து பழுத்துக் கிடந்தது.

குழந்தைகளுக்காகப் பறித்த குழந்தைகள்

அறிவு பயனாக மாறும் வேளை விரைவில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனுக்கு வரும் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. ஆரஞ்சு முதலான பழங்கள் கடல் கடந்தே வரவேண்டிய நாடு அது. கப்பலில் இருந்த சிறிதளவு இடம் தானியத்துக்கும் படைக்கருவிகளுக்கும் தேவைப்பட்டது. வளரும் குழந்தைகளுக்கு வைட்டமின் 'சி' எங்கிருந்து கிடைக்கும்?

1941இல் அந்நாட்டு நலவாழ்வு அமைச்சகம் காட்டு ரோஜாக் கனிகளைத் திரட்டும் திட்டத்தை அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகள், சாரணர், சாரணியர், மகளிர் மன்றத்தினர் எனப் பலரும் கூடையுடன் புறப்பட்டனர். இலையுதிர் காலக் குளிரில், முள் கீறிய கைகளோடு அவர்கள் பறித்தது அவ்வாண்டில் மட்டும் 200 டன். அதிலிருந்து ஏறத்தாழ 6,00,000 புட்டி ரோஜாக் கனிப் பாகு தயாரானது. 1942இல் 344 டன். அதன்பின் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 450 டன். ஒரு கனியின் எடை சில கிராம் மட்டுமே என்பதை நினைத்தால், எத்தனை இலட்சம் முறை சிறு விரல்கள் முள்ளுக்குள் சென்று மீண்டிருக்கும் என்பது விளங்கும். அப்பாகு குழந்தைகளுக்குக் கரண்டிக் கணக்கில் புகட்டப்பட்டது. பறித்தவர்களுள் பலர் பத்துப் பன்னிரண்டு வயதினர்; அவர்கள் பறித்தது தம்மினும் சிறியோர்க்காக.

உழைப்போடு அறிவும் கைகோத்திருந்ததை, வீட்டிலேயே பாகு செய்ய அரசு கற்பித்த முறையில் காணலாம். கனிகளை அரைத்து வைத்துவிட்டுப் பிறகு அடுப்பேற்றக் கூடாது. நீர் முதலில் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அரைத்த கனி உடனே அதில் விழவேண்டும். காரணம், கனியின் சதைக்குள்ளேயே வைட்டமின் 'சி'யை அழிக்கும் ஒரு நொதியும் உண்டு. கனி முழுதாயிருக்கும்வரை இரண்டும் தனித்தனியே இருக்கும். நசுங்கியவுடன் நொதி வேலையைத் தொடங்கும். கொதிநீரின் வெப்பம் அந்த நொதியை அடக்கிவிடும். பின்னர், அரிக்கும் மயிர்கள் நீங்கும்படி கெட்டியான துணியில் இருமுறை வடிகட்டி, வற்றக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, சிறு புட்டிகளில் அடைத்தனர். திறந்த புட்டி நெடுநாள் தாங்காது என்பதால் புட்டி சிறிதாயிருத்தல் வேண்டும். கப்பல்களின் எலுமிச்சைச் சாறு சத்திழந்தது ஏன் என்று அறியாத தலைமுறையின் பேரப்பிள்ளைகள், சத்தைக் காக்கும் வழியை அடுப்படியிலேயே கற்றிருந்தனர்.

அதே வேளையில் கியூ தாவரத் தோட்டத்தின் ரொனால்ட் மெல்வில்லும் உணவியல் அறிஞர் மேக்னஸ் பைக்கும் நாட்டின் பல பகுதிக் கனிகளை அளந்தனர். நாட்டின் வடபகுதியில் வளரும் ரோஜாக்களில் தென்பகுதியைவிடச் சத்து மிகுதி என்று கண்டனர். குளிரும் காற்றும் மிகுந்த நிலத்தின் செடியே வளம் மிக்கதாய் இருந்தது.

எவ்வளவு போதும் என்ற கேள்விக்கும் அப்போர்க்காலமே விடை தந்தது. மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுத்த 20 பேர், ஷெஃபீல்ட் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற அறிஞரின் பொறுப்பில் 1944 முதல் 1946 வரை நடந்த ஆய்வுக்குத் தம் உடலையே ஒப்புக்கொடுத்தனர். வைட்டமின் 'சி' இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்ட சிலருக்கு ஸ்கர்வி கண்டது. நாளொன்றுக்கு வெறும் 10 மில்லிகிராம் அந்நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் போதும் என்று தெரிந்தது. உடல்நலம் நிறைவாக இருக்க இதைவிடப் பல மடங்கு வேண்டும் என்பதே இன்றைய பரிந்துரை. ஆயினும் ஒரு கரண்டிப் பாகு ஏன் ஒரு குழந்தையைக் காத்தது என்பது இதனால் விளங்குகிறது. கொல்ல மறுத்தவர்கள் உயிர்காக்கும் அளவைக் கண்டறிந்து கொடுத்தார்கள்.

அளவறிந்து பேசுதல்

போர் முடிந்தது, ஆரஞ்சு திரும்பிற்று. பாகு மட்டும் பல ஆண்டுகள் நிலைத்தது. பழக்கமாகிவிட்ட நன்மை சில வேளை தீமையாகத் திரும்பும். இனிப்பூட்டிய வைட்டமின் பாகுகளில் சூப்பானைத் தோய்த்துக் குழந்தைகள் ஓயாமல் சப்பியபோது, முளைத்த பற்கள் சொத்தையாயின. சத்து அதேதான், காலமும் அளவும் மாறின.

இன்றைய ஆய்வுகள் காட்டு ரோஜாவில் வேறு பல பொருள்களையும் காண்கின்றன. கனியின் செந்நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன், பீட்டா கரோட்டின், ரூபிசாந்தின் ஆகியவை உள்ளன. கேலக்டோலிப்பிடு என்னும் கொழுப்புச் சேர்மம் ஒன்று அழற்சியைத் தணிக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. மூட்டுத் தேய்வு கண்ட 287 பேரிடம் நடந்த மூன்று ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான மதிப்பீடு, கனிப்பொடி வலியைச் சிறிதளவு குறைத்தது என்று கூறிற்று. சிறிதளவு என்பதே அங்கு முக்கியமான சொல்.

ஆனால் விளம்பரங்களில் அந்தச் சொல் இருப்பதில்லை. சோதனைக் குழாயில் ஒரு பொருள் நன்றாக வேலை செய்வது வேறு, மனித உடலில் வேலை செய்வது வேறு. 1994இல் பின்லாந்தில் 29,133 புகைபிடிப்போரிடம் செய்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடிற்று. கனியில் இருக்கும்போது உணவாயிருப்பது, பிரித்தெடுத்து மாத்திரையாகத் திணிக்கும்போது வேறாகலாம். பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கும்போது, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு, புட்டியில் ஒட்டிய வாசகத்தை நம்பி வெளிநாட்டுப் பாகுக்கும் பொடிக்கும் கடன் வாங்கிச் செலவிடும் குடும்பங்களை நாம் காண்கிறோம். பிளினியின் கதையில் வந்த வேர், இன்று புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. நோயாளியின் அச்சத்தை வைத்துச் செய்யும் வாணிகம், செடியின் பெயரையும் கெடுக்கிறது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பிரிட்டனில் ரோஜாக் கனி அளக்கப்பட்ட அதே 1930களில், நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆக்ராய்டு என்பவரின் தலைமையில் இந்திய உணவுகளை அளந்து, 1937இல் கையேடாக வெளியிட்டது. நம் நெல்லிக்கனி வைட்டமின் 'சி' மிகுந்த கனிகளுள் முன்வரிசையில் நிற்பது. கொய்யாவில் அது ஆரஞ்சைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக் காட்டு விளிம்புகளில் வெண்ணிறப் பூப்பூக்கும் காட்டு ரோஜா ஒன்றும் உண்டு. புதுச்சேரியிலிருந்து பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலார் லெஷெனோவின் பெயரை அது தாங்குகிறது. காப்பாற்றப்பட வேண்டிய அரிய மலைச்செடி அது. ஐரோப்பியக் கனியின் புகழைக் கேட்டு அதைத் தேடிப் பறிக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் குழந்தைகள் கற்பித்தது ரோஜாவைத் தேடுக என்பதன்று. தம் வேலியில் இருப்பதை அறிந்துகொள்க என்பதே. வெளிநாட்டுப் புட்டியின் விலையில் ஒரு குடும்பம் பல மாதங்களுக்குக் கொய்யா வாங்கலாம்.

இல்டெசைம் ஆலயத்தின் சுவரில்

இக்கட்டுரையை முடிக்குமுன் இன்னொரு நாய் ரோஜாவைக் காண வேண்டும். வட ஜெர்மனியின் இல்டெசைம் நகரில், அன்னை மரியாவின் விண்ணேற்புப் பேராலயத்தின் பின்சுவரைப் பற்றிக்கொண்டு அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் படர்ந்திருக்கிறது. சார்லமேனின் மகன் லூயி பேரரசர், 815ஆம் ஆண்டு வேட்டையில் வழிதவறி, அன்னையின் அருளிக்கப் பேழையை ஒரு காட்டு ரோஜாக் கிளையில் தொங்கவிட்டார் என்பதும், அதைத் திரும்ப எடுக்க இயலாமற்போகவே அங்கே சிற்றாலயம் எழுப்பினார் என்பதும் மரபுக் கதை. ஆயிரமாண்டு ரோஜா என்றே மக்கள் அதை அழைக்கின்றனர்.

1945 மார்ச் 22ஆம் நாள் நேச நாடுகளின் விமானங்கள் அந்நகரின் மேல் குண்டு பொழிந்தன. பேராலயம் இடிந்தது. ரோஜா எரிந்து இடிபாட்டுக்குள் புதைந்தது. சில வாரங்களில், கற்குவியலுக்கு அடியில் உயிரோடிருந்த வேரிலிருந்து புதிய தளிர்கள் எழுந்தன. மீண்டும் கட்டப்பட்ட ஆலயம் 1960இல் அருச்சிக்கப்பட்டது. செடி இன்றும் பூக்கிறது.

கடலுக்கு அப்பால், குண்டுவீச வந்த விமானிகளின் நாட்டில், பிள்ளைகள் கூடைகளில் சேர்த்த கனிகளுள் இதே இனத்துச் செடியின் கனிகளும் உண்டு. ஒரு கரையில் அது தம்பி தங்கையரைக் காத்தது. மறு கரையில் தம் ஊரே அழிந்துவிட்டது என்று நின்றவர்களுக்கு முதல் தளிரைக் காட்டியது. எந்தப் பக்கத்து வேலி என்று அச்செடி பார்க்கவில்லை. இரு நாட்டவர்க்கும் பொதுவாகப் பழுத்த கனியை வைத்துக்கொண்டே அவர்கள் ஒருவரையொருவர் அழித்தார்கள் என்பதுதான் அந்தப் போரின் துயரம். கொடுப்பவர் கணக்கில் குறை ஏதுமில்லை. அறிவதும் பறிப்பதும் பகிர்வதும் உண்மை பேசுவதும் நம் பங்கு.